நடந்து முடித்ததும் வரும் பசி: புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

உடற்பயிற்சியைத் தொடங்குபவர்களில் பலர் இரண்டாம் மாதத்திலேயே அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "தினமும் நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. நடந்ததும் உண்மை, குறையாததும் உண்மை. நடை முடிந்த பிறகு வரும் மூன்று நான்கு மணி நேரத்தில் உள்ளே போகும் உணவு, செலவான அனைத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மெரினாவிலோ கோவை ரேஸ் கோர்ஸ் சாலையிலோ காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால், வியர்வை காயும் முன்பே சிற்றுண்டிக் கடைக்குள் நுழைபவர்களைக் காணலாம்.

அவர்களை நாக்கை அடக்கத் தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது நியாயமே இல்லை. பயிற்சிக்குப் பிறகு எவ்வளவு சாப்பிடப் போகிறோம் என்பது பெரும்பாலும் முந்தைய இரவே முடிவாகிவிடுகிறது. பசி ஏறிய பிறகு மன உறுதியை நம்பி நிற்பது கடினம். பசி வருமுன் தட்டில் என்ன இருக்கும் என்று தீர்மானித்துவிட்டால் வேலை மிக எளிது. இந்தக் கட்டுரை முழுவதும் அந்தத் தீர்மானத்தை எப்போது, எப்படி எடுப்பது என்பதைப் பற்றியதுதான்.

கணக்கை ஒரு முறை மட்டும் போடுங்கள்

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல், ஒவ்வொரு கிலோ எடைக்கும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கலோரி செலவிடுகிறது. (பேச்சு வழக்கில் நாம் கலோரி என்பது கிலோகலோரியைத்தான். இங்கும் அதே பொருளில் எழுதுகிறேன்.) மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் அந்தச் செலவு சுமார் மூன்றரை மடங்காகும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக ஓடினால் சுமார் 8 மடங்காகும்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் முக்கால் மணி நேரம் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 184 கலோரி. அந்த நேரத்தில் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாலும் 52 கலோரி போயிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 130 கலோரி அளவுதான். 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தேர்ந்தெடுத்து அறிவித்தார்கள். அந்த முழுத் தூரத்தையும் இதே மனிதர் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடந்து முடித்தாலும் கூடுதல் செலவு 280 கலோரியைச் சுற்றித்தான் இருக்கும்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். ஓட்டல் உளுந்து வடை ஒன்று சுமார் 150 கலோரி. நெய் மிதக்கும் வெண்பொங்கல் ஒரு தட்டு 400 கலோரியை எளிதில் தொடும். இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட காபி 100 கலோரிக்கு அருகில் வரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. பொங்கல், வடை, காபி என்று ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் 8 கிலோமீட்டர் நடையின் செலவு இரண்டு மடங்குக்கு மேலாகத் திரும்பி வந்துவிடும்.

இந்தக் கணக்கு மனத்தில் பதிந்தால் போதும், தினமும் போட வேண்டாம். தினமும் போட்டால் அது பேரமாக மாறும். "இன்று கூடுதலாக ஒரு சுற்று நடந்தேன், அதற்கு ஒரு வடை" என்று உடலோடு பேரம் பேசத் தொடங்குவோம். அந்தப் பேரத்தில் நாம் நடந்ததை எப்போதும் கூட்டியும் தின்றதைக் குறைத்தும்தான் மதிப்பிடுவோம்.

கையில் கட்டும் கருவி காட்டும் எண்ணையும் நம்பிச் சாப்பிட வேண்டாம். 2017ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் மணிக்கட்டுக் கருவிகள் ஏழை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. கலோரிச் செலவில் மட்டும் எல்லாமே தவறின. இருப்பதிலேயே நல்ல கருவி சராசரியாக 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். அடிகளை எண்ணுவதற்கு அந்தக் கருவி பயன்படட்டும். உணவை அளப்பதற்கு அது உதவாது.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் நடப்பதே வீணா?" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், இதயம், மனநிலை எல்லாவற்றுக்கும் நடை நல்லது. எடை ஒரு கிராம்கூடக் குறையாவிட்டாலும் அந்த நன்மைகள் கிடைக்கும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது எடையை மட்டும் எண்ணி அல்ல.

பயிற்சி முடிந்த உடனே பசிப்பது குறைவு

வயிற்றில் சுரந்து மூளைக்குப் பசியைச் சொல்லும் ஒரு சுரப்பு உண்டு. கிரெலின் என்பது அதன் பெயர். ஜப்பானைச் சேர்ந்த கோஜிமாவும் கங்காவாவும் 1999இல் அதைக் கண்டுபிடித்தார்கள். மூச்சு வாங்க ஓடும்போதோ கடினமாகச் சைக்கிள் மிதிக்கும்போதோ பசியைத் தூண்டும் கிரெலின் தற்காலிகமாகக் குறைகிறது, போதும் என்று சொல்லும் வேறு சில சுரப்புகள் கூடுகின்றன. அதனால்தான் நன்றாக ஓடி முடித்தவருக்குச் சிறிது நேரம் சாப்பாட்டின் நினைப்பே வருவதில்லை.

இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தினர் 2011இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஒரே அளவு கலோரிப் பற்றாக்குறையை ஒரு நாள் ஓட்டத்தால் உண்டாக்கினார்கள், இன்னொரு நாள் உணவைக் குறைத்து உண்டாக்கினார்கள். உணவைக் குறைத்த நாளில் பசி கிளம்பியது, அடுத்த வேளையில் அதிகம் சாப்பிட்டார்கள். ஓடிய நாளில் அப்படி நடக்கவில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். பயிற்சி முடிந்த உடனேயே கடைக்கு ஓடச் சொல்வது பெரும்பாலும் உடலின் தேவை அல்ல. பழக்கம், நண்பர்கள், வாசனை, "உழைத்தேன், எனக்கு உரிமை உண்டு" என்ற எண்ணம் ஆகியவைதான் அந்த ஓட்டத்துக்குக் காரணம். இரண்டாவது, பயிற்சியைத் தொடங்கிய அதே வாரத்தில் இரவு உணவையும் வெட்டுகிறவர்கள் தங்களுக்குத் தாங்களே பசியை வரவழைத்துக்கொள்கிறார்கள். முதல் மூன்று வாரம் பயிற்சியை மட்டும் நிலைப்படுத்துங்கள். உணவின் அளவில் கை வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குளிர்ந்த நீர் மட்டும் ஒரு விதிவிலக்கு. குற்றாலத்தில் அருவியில் நின்றுவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் பசியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2005இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் தண்ணீருக்குள் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். 33 டிகிரி நீரில் மிதித்தபோது சாப்பிட்டதைவிட, 20 டிகிரி நீரில் மிதித்த பிறகு 44 சதவீதம் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விடியற்காலையில் குளிர்ந்த குளத்தில் நீந்துபவர்கள், உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் நீந்துபவர்கள், கரையேறியதும் தலையைத் துவட்டி, உலர்ந்த உடைக்கு மாறி, சூடாக ஏதாவது குடித்து, உடம்பு பழைய சூட்டுக்கு வந்த பிறகே தட்டின் முன் உட்காருங்கள்.

முந்தைய இரவு செய்ய வேண்டியவை

எனக்குத் தெரிந்தவரை இதுவே எல்லாவற்றிலும் அதிகப் பலன் தரும் படி. மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இரவு உணவைத் தவிர்க்க வேண்டாம். ஏழரை, எட்டு மணிக்குள் அளவாகச் சாப்பிடுங்கள். இரவில் வெறும் பழத்துண்டு தின்றுவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து நடப்பவர், ஏழு மணிக்குப் பன்னிரண்டு மணி நேரப் பசியோடு வீடு திரும்புகிறார். அந்த நேரத்தில் அவரிடம் அளவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

படுக்கப் போகுமுன் ஒரு கைப்பிடி கருப்புக் கொண்டைக்கடலையைக் கழுவி ஊறவையுங்கள். எட்டு மணி நேரம் ஊறினால் காலையில் குக்கரில் ஐந்தாறு விசிலில் வெந்துவிடும். மறந்துவிட்டால் பச்சைப் பயறு இருக்கிறது, ஊறாமலும் வேகும். கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ பழக்கமுள்ள வீடுகளில் இரவே மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துவிடுவார்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு குடிக்கலாம். முட்டை சாப்பிடுபவர்கள் இரண்டு முட்டையை இரவே அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். எதைச் செய்தாலும் நோக்கம் ஒன்றுதான். நீங்கள் கதவைத் திறந்து உள்ளே வரும்போது சாப்பிடத் தக்க ஒன்று தயாராக இருக்க வேண்டும். தயாராக இல்லாவிட்டால், டிபன் ஆகும்வரை காத்திருக்கும் அரை மணி நேரத்தில் முறுக்கும் மிக்சரும் காலியாகும். அதன்பிறகு டிபனும் வழக்கம்போல உள்ளே போகும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நடப்பவர் ஒருவர், அவருக்காகச் சீக்கிரம் எழுந்து அடுப்படியில் நிற்பவர் வேறொருவர் என்றுதான் பல வீடுகளில் இருக்கிறது. கடலையை ஊறவைப்பதையும் முட்டையை அவிப்பதையும் நடப்பவரே செய்யட்டும். தன் கையால் ஊறவைத்த கடலையை மறந்து யாரும் கடைக்குப் போவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த அரை மணி நேரம் மிஞ்சும். அவர்களும் கூட நடக்க வரலாம்.

அடுத்தது தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டபோது கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது, பசி 24 சதவீதம் கூடியிருந்தது. இனிப்பும் உப்பும் மாவுப் பண்டமும் வேண்டும் என்ற ஆசையும் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் தூங்காத மறுநாள் எப்படித் தின்றோம் என்று நினைத்துப் பார்ப்பவர்களுக்கு அது புதிதாகத் தோன்றாது. இரவு பன்னிரண்டு வரை கைபேசியைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கு எழுந்து நடப்பதைவிட, ஆறரைக்கு எழுந்து இருபது நிமிடம் நடப்பது மேல். காலை நேரமே கிடைக்காதவர்கள் மாலையில் நடக்கட்டும்.

கிளம்பும் முன்

அரை மணி முதல் முக்கால் மணி நேர நடைக்கு முன் எதுவும் சாப்பிடத் தேவையில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் போதும். தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்துச் சேமிப்பு போதிய அளவு இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடப் போகிறீர்கள், எடை தூக்கப் போகிறீர்கள் என்றால் சிறிய வாழைப்பழம் ஒன்றோ இரண்டு பேரீச்சம்பழமோ சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் தலை சுற்றுபவர்களும் அப்படியே செய்யலாம். முன்னால் சாப்பிடும் அந்தச் சிறு அளவு, பின்னால் வரும் பெரிய அளவைத் தடுக்கும்.

பணம் எடுத்துப் போகாதீர்கள் என்று முன்பு சொல்வதுண்டு. கைபேசியைக் காட்டியே பணம் செலுத்தும் இந்தக் காலத்தில் அது செல்லாது. அதற்குப் பதிலாகப் பாதையை மாற்றுங்கள். நடை முடியும் இடம் உங்கள் வீட்டு வாசலாக இருக்கட்டும். வடை எண்ணெயில் பொரியும் தெருமுனையில் முடியும் நடையைத் திருப்பி, அந்த முனையிலிருந்து தொடங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது அந்த வாசனை அவ்வளவாக இழுக்காது.

வீடு திரும்பிய முதல் ஒரு மணி நேரம்

கடைசிப் பத்து நிமிடத்தை மெதுவாக நடந்து முடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் அல்லது உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள். எவ்வளவு குடிப்பது என்று தெரியவில்லையா? ஒரு நாள் மட்டும் கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை. எடைக் கருவியில் உடனே தெரியும் அந்தக் குறைவு கொழுப்பு அல்ல, நீர் குடித்ததும் திரும்பிவிடும்.

பிறகு குளித்துவிடுங்கள். குளித்து, உடை மாற்றி வருவதற்குள் மூச்சும் படபடப்பும் அடங்கிவிடும். அப்போது வரும் பசிதான் நம்பத் தகுந்த பசி. அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் காலை உணவைச் சாப்பிட்டுவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் பொறுத்தால் கொழுப்புக் கரையும்" என்று பத்து மணி வரை பட்டினி கிடப்பவர்கள்தான் பதினொரு மணிக்கு அலுவலகத்தில் பிஸ்கட் பாக்கெட்டை முழுதாக முடிக்கிறார்கள்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்? நம் காலை உணவின் குறை பெரும்பாலும் புரதத்தில்தான். ஆறு இட்லி தேங்காய்ச் சட்னியோடு உள்ளே போனால் வயிறு நிறையும், ஆனால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். மூன்று இட்லி, பருப்பும் காயும் கெட்டியாக நிற்கும் சாம்பார் ஒரு பெரிய கிண்ணம், கூடவே அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ என்று வைத்துப் பாருங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு கிண்ணம் வெந்த கடலையில் 12 கிராமுக்குக் குறையாது. மதியம் வரை தாங்கும். குமரி மாவட்டத்தில் புட்டுக்குக் கடலைக்கறியோ பயறோ சேர்த்துச் சாப்பிடுகிறார்களே, அது இந்தத் தேவைக்கு அப்படியே பொருந்தும் சாப்பாடு. பருப்பு அடை, பாசிப்பயறுத் தோசை இரண்டும் நல்லவை. ஆனால் அடைக்கு எண்ணெயைச் சுற்றி ஊற்றும் கை கொஞ்சம் சுருங்க வேண்டும்.

தோசை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கல்லிலிருந்து ஒவ்வொன்றாக வந்து விழும்போது எத்தனை சாப்பிட்டோம் என்பது தெரியாமலே போய்விடும். சுடுபவரும் அன்பினால் "இன்னும் ஒன்று" என்பார். எண்ணிக்கையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "அம்மா, எனக்கு இரண்டு போதும், அப்புறம் சுண்டல் சாப்பிடுகிறேன்." முதல் கவளத்துக்கு முன் சொல்வது எளிது. நான்காவது தோசை தட்டில் விழுந்த பிறகு சொல்வது கடினம்.

உட்கார்ந்து மெதுவாகச் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குத் தெளிவாகப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஐந்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்கு அந்தச் செய்தி வந்து சேரும்போது இரண்டாம் தட்டும் முடிந்திருக்கும்.

நடைத் தோழர்களும் டிபன் கடையும்

பலருக்கு நடையைத் தொடரவைப்பதே அந்தக் கூட்டம்தான். காலையில் நான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்பதற்காகவே எழுந்து வருபவர்கள் உண்டு. ஆகவே, அவர்களோடு கடைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உடல் நலத்துக்குச் சாப்பாடு எவ்வளவு முக்கியமோ, நட்பும் அவ்வளவு முக்கியம்.

போங்கள். உட்காருங்கள். முதல் ஆளாகச் சொல்லிவிடுங்கள். "அண்ணே, எனக்குச் சர்க்கரை குறைவாக ஒரு காபி" என்று நீங்கள் சொன்ன பிறகு மற்றவர்கள் பொங்கலும் பூரியும் வரவழைத்தாலும் உங்கள் முடிவு மாறாது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு கடைசியாகச் சொல்பவர்தான் "சரி, எனக்கும் அதுவே" என்பார். யாராவது வற்புறுத்தினால், வீட்டில் டிபன் தயாராக இருக்கிறது, வீணாகிவிடும் என்று சொல்லுங்கள். இரவே கடலை ஊறவைத்திருந்தால் அது உண்மையாகவும் இருக்கும். வாரத்தில் ஒரு நாளை, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், கூட்டத்தோடு வயிறார டிபன் சாப்பிடும் நாளாக ஒதுக்குங்கள். அன்று வீட்டில் காலை உணவு இல்லை. அன்று பொங்கலைக் குற்ற உணர்ச்சியில்லாமல், சுவைத்துச் சாப்பிடுங்கள். சம்மதத்தோடு சாப்பிடும் ஒரு நாள், திருட்டுத்தனமாகச் சாப்பிடும் ஆறு நாட்களைத் தவிர்க்கும்.

குடிப்பதும் சாப்பாடுதான்

பூங்கா வாசல்களில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, முளைகட்டிய பயறு எல்லாம் விற்கிறார்கள். சுத்தமாகச் செய்தால் குடிக்கலாம், தின்னலாம். முளைகட்டிய பயறு உண்மையிலேயே நல்ல தேர்வு. ஆனால் சாறு குடித்ததனாலேயே பிறகு சாப்பிடும் பூரிக்குப் பரிகாரம் ஆகிவிடாது.

சத்துமாவுக் கஞ்சி ஒரு பானம் அல்ல. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய ஒரு பெரிய தம்ளர் கஞ்சி ஒரு வேளை உணவு. அதைக் குடித்துவிட்டு இட்லியையும் சாப்பிடுவதுதான் பலருடைய கணக்கு புரியாமல் போவதற்குக் காரணம். கரும்புச்சாற்றில் சர்க்கரை மிகுதி. இளநீர் ஒன்று 50 கலோரி அளவுதான், தாராளமாகக் குடிக்கலாம்.

பாட்டிலில் வரும் விளையாட்டுப் பானங்கள் யாருக்காக உருவானவை என்பதை அறிந்துகொள்வது நல்லது. அவற்றில் முதன்மையானது 1965இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில், ராபர்ட் கேட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் கொடும் வெயிலில் பல மணி நேரம் ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காகத் தயாரித்தது. அரை லிட்டர் பாட்டிலில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கும். முக்கால் மணி நேரம் நடந்தவருக்கு அது வேண்டாம். மோர் போதும்.

மாலையில் பயிற்சி செய்பவர்களுக்கு

உங்கள் சிக்கல் வேறு. மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டு, அலுவலகம் முடிந்து ஆறரைக்கு உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய், எட்டு மணிக்கு வெளியே வருகிறீர்கள். சாப்பிட்டு ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. வழியில் பஜ்ஜிக் கடையும் பரோட்டாக் கடையும் இருக்கின்றன. இதற்கு ஒரே வழி ஐந்து மணிக்குச் சாப்பிடுவதுதான். ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது வறுத்த வேர்க்கடலை ஒரு சிறிய கைப்பிடியும் ஒரு கொய்யாவும். அதைக் காலையிலேயே பையில் வைத்து எடுத்துப் போங்கள். அது உள்ளே போயிருந்தால் எட்டு மணிக்குக் கடை வாசலில் கால் நிற்காது. இரவு உணவை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது

இன்சுலின் போடுபவர்கள், கிளிமெபிரைடு, கிளைபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்கள் ஆகியோருக்குப் பயிற்சியின்போதோ பயிற்சிக்குப் பிறகு பல மணி நேரம் கழித்தோ சர்க்கரை தாழ்ந்துபோகலாம். திடீர்ப் பசி, கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் மங்கல் ஆகியவை அதன் அறிகுறிகள். அந்தப் பசியை அடக்கவே கூடாது. நான் மேலே எழுதிய எதுவும் அப்போது பொருந்தாது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உடனே 15 கிராம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அளவிடும் கருவி கையில் இல்லாவிட்டால் அறிகுறியை நம்பிச் சர்க்கரையைச் சாப்பிடுங்கள். நடக்கப் போகும்போது சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பயிற்சியைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சாரார் உண்டு. அதிகம் சாப்பிட்டதற்குத் தண்டனையாக மறுநாள் இரு மடங்கு ஓடுபவர்கள், கட்டுப்படுத்த முடியாமல் தின்றுவிட்டு அழுபவர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்கள். இது பழக்கக் குறைபாடு அல்ல, சிகிச்சை உள்ள ஒரு நோய்நிலை. தயவுசெய்து மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள். உணவுக் குறிப்பேடும் எடைக் கருவியும் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

நிஜமான பசியை மதியுங்கள்

பயிற்சியைக் கூட்டிய வாரங்களில், கட்டுமான வேலை, வயல் வேலை போன்ற உடலுழைப்புள்ளவர்கள் அதற்கு மேலும் பயிற்சி செய்யும்போது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில், பாலூட்டும் காலத்தில் பசி கூடுவது இயல்பு. அப்போது சாப்பிட வேண்டும். வயிறு காலியாக இருக்கிறது, எது கொடுத்தாலும் சாப்பிடத் தோன்றுகிறது, பொறுத்தால் இன்னும் கூடுகிறது என்றால் அது பசி. பூரி மட்டும்தான் வேண்டும், சுண்டல் வேண்டாம் என்று தோன்றினால் அது பெரும்பாலும் ஆசை. ஆசையும் பாவமில்லை. அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

எதை அளப்பது, எப்போது மாற்றுவது

அமெரிக்காவில் உடலுழைப்பு இல்லாத, மாதவிடாய் நின்ற பெண்களை ஆறு மாதம் பயிற்சி செய்யவைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. வாரத்துக்குச் சுமார் 72, 136, 194 நிமிடம் என மூன்று குழுக்கள். மிக அதிகம் பயிற்சி செய்த குழுவுக்கு, கணக்குப்படி குறைய வேண்டிய எடையில் ஏறத்தாழப் பாதிதான் குறைந்தது. மீதியை உடல் ஏதோ ஒரு வழியில் ஈடுகட்டிக்கொண்டது. ஆனால் மூன்று குழுக்களிலும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது, எடை குறையாதவர்களுக்கும்கூட.

ஆகவே எடைக் கருவியைத் தினமும் பார்க்காதீர்கள். தையல்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்றை வாங்குங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளந்து எழுதுங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நல்லது. மாதம் ஒரு முறை அளந்தால் போதும்.

முதல் இரண்டு வாரம் ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் மூன்றே விஷயங்களைக் குறியுங்கள்: பயிற்சி முடிந்த நேரம், முதலில் சாப்பிட்ட நேரமும் பொருளும், பதினொரு மணிக்குப் பசி எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண். கலோரி எழுத வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் பதினொரு மணிப் பசி நான்குக்கு மேல் இருந்தால் காலை உணவில் புரதம் போதவில்லை என்று பொருள், இன்னொரு அரைக் கிண்ணம் கடலையோ இன்னொரு முட்டையோ சேர்த்துப் பாருங்கள். அந்த எண் ஒன்றிலேயே நின்று இடுப்பளவும் அசையாமல் இருந்தால் ஓர் இட்லியைக் குறையுங்கள். இரண்டு மாற்றங்களையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.